அட்டையில் எழுதாமல் விட்ட சின்னமுத்து

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறேன். கொப்பியைத் திறந்ததுமே, பிள்ளை முதல் நாள் இரவு ஒழுங்காக நித்திரை கொண்டதா, வீட்டில் சண்டை நடந்ததா, அண்ணன் எழுதிக் கொடுத்ததா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. ஒரே ஒரு கொப்பியைத்தான் பிழையாக வாசித்தேன். அது என் தங்கையின் இளைய மகனுடையது.

எங்கள் ஊர் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே, ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறது. சின்னவன் என் வகுப்பிலேயே, தரம் மூன்றில் படித்தான். பாடசாலையில் என்னை “ரீச்சர்” என்று கூப்பிட வேண்டும், படலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் “பெரியம்மா” என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். முதலாம் வகுப்பிலிருந்து அதை ஒருநாளும் அவன் மாற்றியதில்லை.

கொரோனாவுக்காக நீண்ட நாள் பூட்டிக் கிடந்த பாடசாலைகளில் இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்தவற்றின் ஆரம்பப் பிரிவை 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி திறந்தார்கள். அதுவரை குளக்கட்டில் ஏறி நின்றால்தான் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்ற நிலையில் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த பிள்ளைகள் பாதி எழுத்தை மறந்திருந்தார்கள். ஆகவே சின்னவனின் கையெழுத்து குலைந்திருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

கொப்பியை இப்போதும் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் எழுத்து கோட்டை விட்டு மெல்லக் கீழே இறங்குகிறது. கார்த்திகையில் “ண” எழுதத் தொடங்கியவன் சுழிகளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நாலைந்து போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகிறான். மார்கழியில் பென்சில் தாளைக் கிழித்த இடங்கள். பக்க ஓரங்களில் சிவப்பு மையில் என் கையெழுத்து: “கவனமின்மை”, “சோம்பல்”, “பத்துத் தரம் எழுது”. ஒரு நாள் வகுப்பு நடுவில் எழுந்து, “பெரியம்மா, எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். செல்லம் கூடிவிட்டது என்று நினைத்து அவனை வெளியில் நிறுத்தினேன். வகுப்பில் நான் யார், வீட்டில் நான் யார் என்பதைப் பிரித்து வைத்திருந்த இடம் அவன் மூளையில் அழிந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டிலும் அதே கதைதான். தேநீர்க் கோப்பையைக் கைதவற விட்டான்; தங்கை பேசினாள். ஓடுகிற சைக்கிளில் இருந்து காரணமில்லாமல் விழுந்தான், தகப்பன் பேசினார். கிரிக்கெட்டில் பந்து பிடிபடவில்லை, கூட்டாளிகள் பேசினார்கள். சாப்பிடும்போது தலை திடீரென்று முன்னால் விழுந்து நிமிரும். “ஓணான் போலத் தலையாட்டாதே” என்று அம்மம்மா சொல்வாள். அவனும் சிரிப்பான். ஒரு வீட்டிலும் ஒரு பாடசாலையிலும் இத்தனை பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டைக் கண்டோம். அந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

2022 மாசி மாதம், விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியை மர நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவன் வரிசையில் நின்றான். அவன் தலை விழுந்தது, வலது தோள் ஒரு துள்ளுத் துள்ளியது. நான் வரவுப் பதிவேட்டில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்ததால் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு எண்ணும்போது மறுபடி துள்ளியது. திரும்ப எண்ணினேன். ஏழு. பிறகு எட்டு. சேட்டை விடுகிற பிள்ளைக்கு இப்படிக் கணக்கு இருக்காது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன். கை குளிர்ந்துவிட்டது.

அன்று பின்னேரமே முன்வீட்டுப் பையனின் தொலைபேசியில் அவனை இரண்டு விதமாகப் படம் பிடித்தோம். சும்மா இருக்கும்போது மூன்று நிமிடம், எழுதும்போது மூன்று நிமிடம். நாங்கள் செய்தவற்றில் மிகப் பயன்பட்டது அந்த ஆறு நிமிடப் படம்தான். அதற்கு முன் ஒரு தடவை அவனை வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வைத்தியர் பார்த்த இரண்டு நிமிடத்தில் அவன் துள்ளவேயில்லை, விட்டமின் குளிசையோடு திரும்பினார்கள். கண் மங்குகிறது என்றதால் கண்ணாடிக்கும் அளவெடுத்தார்கள். இந்த வருத்தம் சில பிள்ளைகளுக்குக் கண்ணில்தான் முதலில் காட்டும் என்பதைப் பிறகு அறிந்தோம். இடையில் பரியாரியாரிடம் நூலும் கட்டினோம். அதை மறைக்க விரும்பவில்லை. நூல் கட்டியதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நூல் கட்டிவிட்டு மூன்று கிழமை காத்திருந்ததுதான் பிழை.

குழந்தை நல வைத்திய நிபுணர் படத்தை மூன்று தடவை பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டுத் தங்கையிடம் கேட்டார்: “அம்மா, இவருக்குச் சிறுவயதில் சின்னமுத்து வந்ததா?” மீசில்ஸ், தட்டம்மை என்பதைத்தான் நாங்கள் சின்னமுத்து என்போம்.

“இல்லை டொக்டர். எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம்.”

“அட்டை இருக்கிறதா?”

அட்டை இருந்தது. எங்கள் குடும்பத்தில் கடதாசி தொலையாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது எங்கள் அம்மா காணி உறுதியையும் மூத்த பேத்தியின் பிறப்புப் பத்திரத்தையும் ஊசி அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவள். மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறியபோதும் அந்தப் பைதான் முதலில் மேலே ஏறியது. மீள்குடியேறிய பின் பிறந்த சின்னவனின் பதிவேடும் அதே பையில்தான் இருந்தது.

வைத்தியர் தடுப்பூசிப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிறை வரைபைத் திறந்தார். பச்சைப் பட்டைக்குள் ஏறிக்கொண்டே போன கோடு எட்டாம் மாதத்தில் விழுந்து, மறுபடி பத்தாம் மாதத்தில்தான் பழைய இடத்துக்கு வந்திருந்தது. விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து, “இந்த நேரம் என்ன நடந்தது?” என்றார்.

எங்கள் அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். “அப்போது அம்மாள் வந்தது.”

2013 கார்த்திகை. கொழும்பில் இருந்து ஒரு வீட்டுக்கு விசேடத்துக்கு வந்த பிள்ளைக்குத் தடிமனும் இருமலும் சிவந்த கண்ணும். பத்துப் பன்னிரண்டு நாளில் எங்கள் வீட்டில் எட்டு மாதச் சின்னவனுக்கு அதே காய்ச்சல். காதுக்குப் பின்னால் தொடங்கிய செம்புள்ளி முகத்தில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, காலுக்குப் போனது. அம்மா படலையில் வேப்பிலை கட்டினாள். வீட்டில் தாளிதமில்லை, மச்சமில்லை, வெளியார் வரவில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். அந்தக் கிழமை குடும்பநல உத்தியோகத்தர் வந்தபோது படலையில் வேப்பிலையைக் கண்டு, கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வெளியே வராததால் திரும்பிப் போனார். ஏழெட்டு நாளில் பிள்ளை தேறியது. வைகாசிப் பொங்கலுக்குப் போய் நேர்த்தியைத் தீர்த்தார்கள். அட்டையில் எதுவும் எழுதப்படவில்லை.

எங்கள் பக்கம் “அம்மாள் வருத்தம்” என்ற ஒரே பெயருக்குள் பல வருத்தங்கள் கிடக்கின்றன. நீர்க்கொப்புளம் போடுகிற கொப்புளிப்பானும் அம்மாள்தான், செம்புள்ளி போடுகிற சின்னமுத்தும் அம்மாள்தான். கொப்புளிப்பானில் கொப்புளத்துக்குள் தண்ணீர் நிற்கும். பழையதும் புதியதும் ஒரே இடத்தில் இருக்கும். சின்னமுத்து என்றால் மூன்று நாலு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு எல்லாம் முன்னால் வந்து, பிறகு காதோரத்தில் இருந்து புள்ளி கீழிறங்கும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புப் பரல் போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது. ஆசிரியப் பயிற்சியில் எத்தனையோ படித்தோம், இதைப் படிக்கவில்லை.

அம்மாவைக் குற்றம் சொல்லி எழுதுவது சுலபம். நான் சொல்ல மாட்டேன். அவளுடைய வழக்கத்தில் பாதி வைத்தியமே: நோயுள்ள வீட்டுக்கு வெளியார் வரக்கூடாது என்பது, காற்றில் பரவுகிற ஒரு வருத்தத்துக்குச் சரியான கட்டுப்பாடு. சின்னமுத்துக்காரன் இருமிவிட்டுப் போன அறைக்குள் இரண்டு மணி நேரம் கழித்துப் போனாலும் தொற்றலாம். வேப்பிலை படலையில் தொங்கட்டும். ஆனால் அதே படலையில் நின்றாவது குடும்பநல உத்தியோகத்தரிடம் “பிள்ளைக்குப் புள்ளி போட்டிருக்கிறது” என்று சொல்லியிருக்க வேண்டும். சின்னமுத்து சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சொல்லியிருந்தால் வைட்டமின் ஏ கிடைத்திருக்கும். வயதுக்கேற்ற அளவில் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். அது எட்டு வருடம் கழித்து வந்ததைத் தடுத்திருக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். இல்லை என்றார். அந்த நேர்மை எனக்கு வேண்டியிருந்தது.

சின்னமுத்து மூளையைத் தாக்குவதில் இரண்டு மூன்று விதம் உண்டு. ஒன்று உடனடியானது. ஆயிரம் பேரில் ஒருவருக்குப் புள்ளி போட்ட சில நாளில் மூளையழற்சி வரும். காய்ச்சல் விட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். பிள்ளை எழுப்பினாலும் எழும்பாது, வாந்தி எடுக்கும், வலிப்பு வரும். புள்ளி போட்ட முதல் இரண்டு கிழமைக்குள் இதில் எதைக் கண்டாலும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு, புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள் போன்றோருக்கு, சில மாதத்தில் இன்னொரு விதமாக வரும். மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. சப்அக்கியூட் ஸ்கிளரோசிங் பான்என்செபலைட்டிஸ் என்ற நீண்ட பெயரை எஸ்.எஸ்.பி.ஈ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

வைத்தியர் எங்களுக்கு விளங்கிய மொழியில் சொன்னார். கிருமி உடம்பை விட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறோம், சில பிள்ளைகளில் கொஞ்சம் மூளைக்குள் தங்கிவிடுகிறது. அங்கே அது தன் உருவில் சிறு மாற்றம் பெற்று, உடம்பின் காவலுக்கு அகப்படாமல் ஒரு நரம்புக் கலத்தில் இருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. வழமையாக ஏழு முதல் பத்து வருடத்தில் வெளியே தெரியும். “உமிக்குள் தணல் போல” என்றார் தங்கையின் கணவர். சூடடித்த களத்தில் உமிக் குவியலின் மேலே புகையே தெரியாது, காலை வைத்தால்தான் சுடும். வைத்தியர், ஆம், அதுதான் என்றார்.

ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். சிறுவயதில், அதிலும் இரண்டு வயதுக்குள் சின்னமுத்து கண்டவர்களுக்கு மிக அதிகம். கலிபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வில், ஒரு வயதாகும் முன் சின்னமுத்து கண்டவர்களில் 609 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்திருக்கிறது. அரிது என்று சொல்லிச் சொல்லி நாம் ஆறுதல் அடைகிற வருத்தம், கைக்குழந்தைகளில் அவ்வளவு அரிது இல்லை.

சோதனைகளுக்கு யாழ்ப்பாணத்துக்கும் பிறகு கொழும்புக்கும் போக வேண்டியிருந்தது. 2022 பங்குனி, சித்திரை மாதங்களை இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெற்றோலுக்கு விடிய விடிய வரிசை, 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஓட்டோக்காரத் தம்பி தன் வரிசையில் கிடைத்த எண்ணெயை எங்களுக்காக வைத்திருந்தார். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டும்போது சின்னவன் என் மடியில் நித்திரை. நித்திரையில் துள்ளல் நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரம் பழைய பிள்ளை போலவே இருந்தான்.

தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கிற இ.இ.ஜி. சோதனையில் ஏழெட்டு நொடிக்கு ஒரு தடவை பெரிய அலை எழுந்தது. அலை எழும் நேரமும் உடம்பு துள்ளும் நேரமும் ஒன்று. நான் மரத்தடியில் எண்ணியதை இயந்திரம் கடதாசியில் வரைந்து காட்டியது. எம்.ஆர்.ஐ. படம் ஏறக்குறைய சாதாரணமாக இருந்தது. அதைக் கேட்டு உறவினர் ஒருவர் “மூளையில் ஒன்றுமில்லையாம்” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தொடக்கத்தில் படம் சாதாரணமாக வரலாம், அதை நம்பி நிற்கக்கூடாது. முடிவு சொல்வது முள்ளந்தண்டு நீர். அதில் சின்னமுத்துக்கு எதிரான பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், மிகக் கூடுதலாக இருந்தது. முள்ளந்தண்டில் ஊசி போட்டால் கால் இழுத்துவிடும் என்று தங்கையைப் பயமுறுத்தியவர்கள் பலர். கையொப்பம் வைக்க இரண்டு நாள் தயங்கினாள். ஊசி போட்ட மறுநாள் அவன் எழுந்து பாண் தின்றான்.

பெயர் தெரிந்ததும் வேறொரு தொல்லை தொடங்கியது. “ஊசி போட்டதால்தான் வந்தது” என்றார்கள். சின்னமுத்துக் கிருமி, சின்னமுத்து ஊசி, எளிதாக முடிச்சுப் போட்டுவிடலாம். அட்டையில் இருந்த திகதிகள் இல்லாவிட்டால் நானே நம்பியிருப்பேன். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியை அவனுக்கு முதலில் போட்டது 2014இல், ஒரு வயது முடிந்த பிறகு. கிருமி உள்ளே போனது அதற்கு முன், எட்டாம் மாதம். இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984இல் வந்தது, ஒன்பதாம் மாதத்தில் போட்டார்கள். 2011இல் எம்.எம்.ஆர். வந்தபோது முதல் ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். 2013, 2014இல் சின்னமுத்து பரவியபோது ஒரு வயதை எட்டாத குழந்தைகள் நிறைய அகப்பட்டார்கள். பிறகு மறுபடி ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவந்தார்கள். இந்த வருத்தத்தில் இறந்தவர்களின் மூளையில் இருந்து எடுத்துப் பார்த்த கிருமி எல்லாம் வெளியில் பரவுகிற சின்னமுத்துக் கிருமியே. ஊசிக் கிருமி ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்பது மாதத்தில் போட்டிருந்தாலும் எட்டு மாதப் பிள்ளை தப்பியிருக்காதே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வயதுக்குத் தாயிடம் இருந்து வந்த பாதுகாப்புத்தான் துணை; தங்கை தொண்ணூறுகளின் இடப்பெயர்வுகளில் வளர்ந்தவள், அவளுக்கு ஊசி போட்டதா என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சுற்றியுள்ளவர்கள் ஊசி போட்டிருப்பதுதான் வேலி. கொழும்பில் இருந்து வந்த அந்தப் பிள்ளைக்குப் போட்டிருந்தால் எங்கள் வீட்டுக்குக் கிருமியே வந்திருக்காது. அடுத்தவன் மாடு நம் வயலில் மேயாமல் இருக்க அவன்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு பயம், தொற்றும் என்பது. ஊரில் சிலர் தங்கள் பிள்ளைகளை எங்கள் வளவுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். சின்னமுத்து தொற்றும், எஸ்.எஸ்.பி.ஈ. தொற்றாது. அவனோடு ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. இதை வைத்தியரிடம் எழுதி வாங்கி அதிபரிடம் கொடுத்தேன். நடக்க முடிந்தவரை, 2022 ஆடி வரை, அவன் வகுப்புக்கு வந்தான். எழுத முடியாது, கேட்டுக்கொண்டிருப்பான். என்னைப் “பெரியம்மா” என்றே கூப்பிட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மருந்து பற்றி எதிர்பார்ப்போடு வாசிப்பவர்கள் இருப்பார்கள். நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஐசோபிரினோசின் என்ற குளிசை சிலருக்கு வேகத்தைக் குறைக்கலாம் என்று தந்தார்கள். இன்டர்பெரோன் என்ற ஊசியும் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். துள்ளலுக்கும் வலிப்புக்கும் வேறு குளிசைகள். அவை அவனுக்கு ஆறுதல் தந்தன, அதுவே பெரிது. வலிப்புக் குளிசையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் ஒரு தடவை நான்கு நாள் கிடைக்காமல் போய்ப் பட்டபாடு போதும். அதன்பின் இரண்டு கிழமைக்குரிய குளிசை எப்போதும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். மூலிகையால் மாற்றுவதாகச் சொல்லி ஒருவர் மூன்று போத்தல் எண்ணெய்க்குத் தங்கையின் காப்பை விற்கவைத்தார். அந்த மனிதரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதும், பல்லுக்கிடையே கரண்டி வைப்பதும் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. இரண்டும் வேண்டாம். பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம், எங்கள் மண் பாதைக்கும் வந்தது.

விழுங்குவது கடினமானபோது தண்ணீர்தான் முதலில் புரைக்கேறியது. தடித்த கஞ்சி இறங்கும், தெளிந்த தண்ணீர் இறங்காது. இது எங்களுக்குப் புதிராக இருந்தது, தாதி சொல்லித்தான் விளங்கியது. பிறகு மூக்குக் குழாய். குழாயில் கொடுத்த பின் அரை மணி நேரமாவது தலையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முடியும். படுக்கைப் புண் வராமல் இருக்க யாரோ இரவல் தந்த காற்று மெத்தை மின்சாரம் போனதும் தட்டையாகிவிடும். அதனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை கையாலேயே புரட்டினோம். மூத்தவள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்; இரவு இரண்டு மணி முறை அவளுடையது. அலாரம் அடித்ததும் எழுந்து, தம்பியைப் புரட்டிவிட்டு, அந்த விளக்கிலேயே நாலு மணி வரை படிப்பாள். ஒரு வீட்டில் நீண்ட நோயாளி இருக்கும்போது நோயில்லாத பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் காலம் பிந்தித்தான் பார்த்தோம்.

2024 மாசியில் அவன் போனான். பதினொரு வயது நிறைய ஒரு மாதம் இருந்தது.

இதற்கிடையில் நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 தையில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட்டார்கள். அந்தச் செய்தியைச் சின்னவனின் கட்டிலடியில் இருந்து வாசித்தேன். அந்தப் பரவலில் கைக்குழந்தையாகச் சின்னமுத்து கண்ட பிள்ளைகள் 2030ஐ ஒட்டி யாரோ ஓர் ஆசிரியையின் வகுப்பில் இருப்பார்கள். அந்த ஆசிரியைக்கு நான் சொல்வது இதுதான்: நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து சில மாதத்தில் குலைந்தால் சிவப்புப் பேனாவை மூடுங்கள். பழைய கொப்பியை எடுத்து ஒப்பிடுங்கள். பொருள்கள் கைநழுவுகின்றனவா, காரணமில்லாமல் விழுகிறதா, தலையோ தோளோ ஒரே அளவான இடைவெளியில் துள்ளுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தாயைக் கூப்பிட்டு, “சின்னமுத்து வந்ததா” என்று மட்டும் கேட்காதீர்கள். “அம்மாள் வந்ததா” என்றும் கேளுங்கள். அநேகமாக எல்லாருக்கும் வேறு காரணம் இருக்கும், கண் பார்வையோ வீட்டுக் கவலையோ. பரவாயில்லை, அதுவும் கண்டுபிடிக்க வேண்டியதுதானே.

தாய்மாருக்கு: ஒன்பதாம் மாதமும் மூன்றாம் வயதும் எம்.எம்.ஆர். தவறவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள், பிந்தியும் போடலாம். ஊசி போட்ட அன்று மட்டும் அட்டையைத் திறக்காமல், பிள்ளைக்குப் புள்ளிக் காய்ச்சல் வந்த மாதத்தையும் எழுதிவையுங்கள்.

அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை இருக்கும். தங்கை பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தாள். சின்னவனின் பதிவேட்டை எடுத்து நிறை வரைபைத் திறந்தாள்.

“அக்கா, உன்னுடைய எழுத்துத்தான் வடிவு. இதில் எழுதிவிடு.”

“இனி எதற்கு?”

“எழுது.”

கைப்பையில் சிவப்புப் பேனாதான் இருந்தது. மூத்தவளிடம் நீலப் பேனா வாங்கினேன். எட்டாம் மாதப் பள்ளத்துக்குக் கீழே, 2013 கார்த்திகை, சின்னமுத்து என்று எழுதினேன்.